பென்டிகோவில் குடும்பச் சட்ட வழக்கறிஞரைத் தேடுவது: பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

நம் ஊர் வழக்கில் 'குடும்ப வக்கீல்' என்றால், தாத்தா காலத்துப் பத்திரத்திலிருந்து பேரனின் வாடகைத் தகராறு வரை ஒரு வீட்டின் எல்லா வில்லங்கத்தையும் அறிந்தவர். ஆஸ்திரேலியாவில் 'ஃபேமிலி லாயர்' என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. மணமுறிவு, பிள்ளைகள் யாரிடம் எப்படி வளர்வார்கள் என்ற ஏற்பாடு, சொத்துப் பிரிவினை, வாழ்க்கைத்துணைக்கான பராமரிப்புத் தொகை ஆகியவற்றை 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின்கீழ் கையாள்பவரையே அது குறிக்கும். இந்த வேறுபாடு தெரியாமல், வீடு வாங்கியபோது பத்திர வேலை பார்த்தவரிடமே பிரிவுக்கும் போய் நிற்பவர்கள் உண்டு. அவர் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார். அன்று அவர் கணவன், மனைவி இருவருக்காகவும் வேலை செய்தவர். இன்று ஒருவர் பக்கம் மட்டும் நிற்க அவரால் முடியாது.

பென்டிகோ மெல்பர்னுக்கு வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டரில், தங்கச் சுரங்கக் காலத்தில் எழுந்த நகரம். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். 491 போன்ற பிராந்திய விசாக்களுக்கு மெல்பர்ன் கணக்கில் வராது, பென்டிகோ வரும். மருத்துவமனை வேலைக்கும் பிற வேலைகளுக்கும் வந்து தங்கும் புதுக் குடும்பங்கள் இங்கே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த அளவு நகரத்தில் குடும்பச் சட்டத்தையே முழுநேரமாகச் செய்யும் அலுவலகங்கள் கொஞ்சம்தான். ஆகவே, மெல்பர்னில் 'யார் நல்லவர்?' என்று தொடங்கும் தேடல், இங்கே 'யார் இன்னும் எனக்காக நிற்க முடியும்?' என்று தொடங்க வேண்டும்.

எந்த நீதிமன்றம், எந்தச் சட்டம்

குடும்பச் சட்டம் கூட்டாட்சி அரசின் சட்டம். வழக்குகளைக் கேட்பது ஆஸ்திரேலிய ஃபெடரல் சர்க்யூட் மற்றும் குடும்ப நீதிமன்றம். முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு நீதிமன்றங்களை இணைத்து 2021 செப்டம்பர் 1 முதல் இது இயங்குகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் தனிக் குடும்ப நீதிமன்றம் உண்டு.

பென்டிகோவில் இந்த நீதிமன்றத்துக்கு ஆண்டு முழுதும் உட்காரும் நீதிபதி கிடையாது. மெல்பர்னிலிருந்து நீதிபதி குறிப்பிட்ட வாரங்களில் வந்து வழக்குகளைக் கேட்பார். இதைச் 'சர்க்யூட்' என்கிறார்கள். மனுக்கள் இணையவழியே பதிவாகும். சிறிய விசாரணைகள் பலவும் காணொளியில் நடக்கும். எனவே சில கட்டங்களுக்கு ஊரில் ஒருவர் இருப்பது பயன், சில கட்டங்களுக்கு அது பொருட்டே இல்லை.

வீட்டு வன்முறைக்கான பாதுகாப்பு ஆணை வேறு பாதை. விக்டோரியாவில் அதன் பெயர் 'இன்டர்வென்ஷன் ஆர்டர்'. அது மாநிலச் சட்டம், மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தின் வேலை. காவல்துறையே மனுதாரராக இருந்து அதைக் கேட்கலாம். ஒரே குடும்பத்தின் ஒரே பிரச்சினை இரண்டு நீதிமன்றங்களில் ஓடும்போது, அங்கே ஒப்புக்கொண்ட ஒரு வாசகம் இங்கே பிள்ளைகளைச் சந்திக்கும் நாள்களைப் பாதிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்தானா என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று.

வழக்கறிஞர் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை

'டிவோர்ஸ் லாயர் வேண்டும்' என்று தேடத் தொடங்குகிறவருக்குப் பெரும்பாலும் டிவோர்ஸுக்கு லாயர் தேவைப்படாது. அதைச் சுற்றியுள்ள மற்றவற்றுக்குத்தான் தேவைப்படும்.

1. மணமுறிவு ஆணை. இங்கே யார் மீது தவறு என்று நீதிமன்றம் கேட்பதில்லை. பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் போதும். ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே பிரிந்திருந்ததாகவும் காட்டலாம். அதற்குப் பிரமாண வாக்குமூலம் கூடுதலாகத் தேவை. திருமணம் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நடந்திருந்தாலும், இருவரில் ஒருவர் ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவராகவோ, ஆஸ்திரேலியாவையே நிரந்தர ஊராகக் கொண்டவராகவோ, கடைசிப் பன்னிரண்டு மாதம் இங்கே வழக்கமாக வசித்தவராகவோ இருந்தால் இங்கே விண்ணப்பிக்கலாம். மணச்சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் வாக்குமூலமும் வேண்டும். இரண்டாண்டு ஆகாத திருமணத்துக்கு ஆலோசனைச் சான்றிதழ் தேவை என்ற பழைய விதி 2025 ஜூன் 10 முதல் இல்லை. நீதிமன்றக் கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல் வரும், ஒவ்வொரு ஜூலையிலும் மாறும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. இந்த வேலையைப் பலர் தாங்களே இணையத்தில் முடித்துவிடுகிறார்கள்.

2. பிள்ளைகள். பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றத்துக்குப் போகும் முன் 'குடும்பத் தகராறு தீர்வு' எனப்படும் சமரசப் பேச்சுக்கு முயல வேண்டும். பேசியும் முடியவில்லை, அல்லது மறுதரப்பு வரவில்லை என்றால் நடுவர் ஒரு சான்றிதழ் தருவார். சட்டப்பிரிவின் எண்ணை வைத்து 'சிக்ஸ்டி ஐ சான்றிதழ்' என்பார்கள். வன்முறை, பிள்ளைக்கு ஆபத்து, அவசரம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. இது ஊர்ப் பஞ்சாயத்து அல்ல. நடுவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், யார் பக்கமும் பேச மாட்டார். ஃபேமிலி ரிலேஷன்ஷிப் சென்டர் எனப்படும் மையங்களில் இதைக் குறைந்த செலவில் செய்யலாம். தேசிய ஆலோசனை எண் 1800 050 321.

3. சொத்து. வழக்கறிஞரின் காசுக்குப் பொருள் இருக்கும் இடம் இதுதான். வீடு, கடன், வாகனம், ஓய்வூதிய நிதியான சூப்பர், தொழில், வெளிநாட்டு மனை எல்லாம் ஒரே தொகுப்பாகப் பார்க்கப்படும். இருப்பதை மதிப்பிட்டு, ஒவ்வொருவரின் பங்களிப்பையும், இனி வரும் தேவைகளையும் கணக்கில் கொண்டு, நியாயமாக இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். 'ஆளுக்குப் பாதி' என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை. வீட்டில் சமைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதும் பங்களிப்புதான். 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், குடும்ப வன்முறை ஒருவரின் பொருளாதார நிலையைப் பாதித்திருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

4. பிள்ளைகளுக்கான உதவித்தொகை. இதைப் பெரும்பாலும் சர்வீசஸ் ஆஸ்திரேலியா சூத்திரப்படி கணக்கிட்டுவிடும். வழக்கறிஞர் தேவையில்லை.

காலக்கெடு ஒன்று பலரையும் தவறவைக்கிறது. மணமுறிவு ஆணை வழங்கப்பட்டு ஒரு மாதமும் ஒரு நாளும் கழிந்தபின் நடைமுறைக்கு வரும். அன்றிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் சொத்து வழக்கைப் பதிவு செய்ய வேண்டும். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் பிரிந்த நாளிலிருந்து இரண்டாண்டு. அந்தக் கெடு தாண்டினால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அது கேட்டவுடன் கிடைப்பதில்லை. டிவோர்ஸைத் தானே இணையத்தில் முடித்துவிட்டு, சொத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர், அந்தக் கடிகாரத்தைத் தானே ஓடவிட்டவர் ஆகிறார்.

சின்ன ஊரின் உண்மையான சிக்கல்: நலமுரண்

ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், வரவேற்பாளர் உங்கள் பிரச்சினையைக் கேட்பதற்கு முன் மறுதரப்பின் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பார். வம்பு விசாரிப்பதாக நினைக்க வேண்டாம். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். இதற்கு 'கான்ஃபிளிக்ட் செக்' என்று பெயர். இருந்தால் உங்களை ஏற்க மாட்டார்கள். ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலே மறுதரப்பின் ரகசியம் வெளியாகிவிடும்.

ஒருவர் அலுவலகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் ஆலோசனை மட்டும் பெற்றுக் கட்டணம் கட்டிவிட்டு வந்திருந்தாலும், அங்கே சொன்ன ரகசியத் தகவலைக் காக்கும் கடமை அந்த அலுவலகத்துக்கு உண்டு. அதே அலுவலகத்தில் வேறொரு வழக்கறிஞர் இருக்கிறாரே என்பதும் பெரும்பாலும் எடுபடாது. குடும்ப வழக்குகளில் ரகசியம் கசியும் வாய்ப்பு சிறிதாக இருந்தாலே நீதிமன்றங்கள் கடுமையாகப் பார்க்கும்.

இதன் விளைவு இரண்டு வகையில் தெரியும். ஒன்று தற்செயல்: கணவர் முதலில் போய்விட்டார், அல்லது அவருடைய முதலாளியின் தொழில் வழக்கை அந்த அலுவலகம் பார்க்கிறது. மற்றது வேண்டுமென்றே செய்வது: ஊரிலுள்ள அலுவலகங்கள் ஒவ்வொன்றிலும் முதல் சந்திப்பு ஒன்றை முடித்துக்கொண்டு, மறுதரப்புக்கு ஆளே இல்லாமல் ஆக்குவது. இதைச் செய்ததாகத் தெரிந்தால் நீதிமன்றம் நல்ல கண்ணோடு பார்க்காது. ஆனால் நிரூபிப்பது கடினம். அதைத் துரத்துவதைவிட மெல்பர்ன் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்வது மலிவு.

செய்யக் கூடியவை:

1. பிரிவு உறுதி என்று தெரிந்தவுடன், முழு வழக்குக்குத் தயாராக இல்லாவிட்டாலும், ஒருவரிடம் முதல் சந்திப்பை முடித்துவிடுங்கள். முந்திக்கொள்வதில் தந்திரம் ஏதும் இல்லை, அது உங்கள் இடத்தைப் பிடிப்பது மட்டும்.

2. கான்ஃபிளிக்ட் செக் முடியும்வரை கதை சொல்லாதீர்கள், ஆவணம் அனுப்பாதீர்கள். பெயர்கள் மட்டும் போதும். உங்கள் பழைய பெயர், மறுதரப்பின் நிறுவனப் பெயர், மாமனார் பெயரில் தொழில் இருந்தால் அந்தப் பெயர் ஆகியவற்றையும் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து முரண் வெளிப்பட்டால் அந்த அலுவலகம் பாதியில் விலக நேரும். அதுவரை கட்டிய பணத்துக்குப் பெற்ற வேலையைப் புதியவரிடம் மறுபடி தொடங்க வேண்டும்.

3. இலவசச் சேவைகளுக்கும் இதே விதிதான். பென்டிகோவில் விக்டோரியா லீகல் எய்டின் அலுவலகமும், ஆர்க் ஜஸ்டிஸ் நடத்தும் லாடன் கேம்பஸ்பி சமூகச் சட்ட மையமும் உள்ளன. கணவரோ மனைவியோ முதலில் சமூக மையத்துக்குப் போயிருந்தால் மற்றவருக்கு அங்கே கதவு மூடியிருக்கும். லீகல் எய்டில் மட்டும் ஒரு வழி உண்டு. அவர்களுடைய அலுவலக வழக்கறிஞர் தம்பதியில் ஒருவருக்காக நின்றால், தகுதி உள்ள மற்றவருக்குத் தனியார் வழக்கறிஞர் மூலம் உதவி ஏற்பாடு செய்யலாம். எண் 1300 792 387.

'எங்களுக்குள் சண்டை இல்லை, ஒரே லாயர் இருவருக்கும் எழுதிக் கொடுக்கட்டும்' என்ற யோசனை இங்கே நடக்காது. சொத்து உடன்பாட்டை நீதிமன்றத்துக்குப் போகாமல் 'பைண்டிங் ஃபைனான்ஷியல் அக்ரிமென்ட்' ஆக எழுதினால், இருவரும் தனித்தனி வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற்ற சான்று இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது பிற்பாடு உடையும். சண்டை இல்லாதவர்களுக்கு 'கன்சென்ட் ஆர்டர்' பெரும்பாலும் எளிய வழி. இருவரும் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டை நீதிமன்றம் பரிசீலித்து ஆணையாக்கும். கட்டணம் 200 டாலர் அளவில்தான். வரைவு எழுத ஒருவர், படித்துப் பார்க்க இன்னொருவர் என்று இரண்டு வழக்கறிஞர்களின் சில மணி நேரம் போதும்.

பெயர்களை எங்கே தேடுவது

இணைய மதிப்புரைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். குடும்ப வழக்கில் தோற்றவர் ஒரு நட்சத்திரம் கொடுப்பார், சமரசமாக முடித்தவர் பெரும்பாலும் எதுவும் எழுத மாட்டார். கோயிலிலோ சங்கத்திலோ கேட்டால் பெயர் கிடைக்கும். கூடவே நீங்கள் கேட்ட செய்தியும் ஊருக்குப் போய்விடும்.

நம்பத்தக்க இடங்கள் மூன்று.

முதலாவது, லா இன்ஸ்டிட்யூட் ஆஃப் விக்டோரியாவின் பரிந்துரைச் சேவை. துறை, ஊர், மொழி என்று வடிகட்டித் தேடலாம். அதன் வழியே போனால் முதல் அரைமணி நேரம் இலவசம். அந்த அரைமணியில் தீர்வு கிடைக்காது. வழக்கு எவ்வளவு பெரியது, அடுத்த அடி எது என்பது தெரியவரும்.

இரண்டாவது, 'அக்ரெடிட்டட் ஸ்பெஷலிஸ்ட்' என்ற அங்கீகாரம். குறைந்தது ஐந்தாண்டு பணிசெய்து, அந்தத் துறையில் கணிசமான வேலை பார்த்து, தேர்வு எழுதித் தேறியவர்களுக்கே இது கிடைக்கும். தன்னைத் தானே 'ஸ்பெஷலிஸ்ட்' என்று விளம்பரப்படுத்திக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. எல்லா வழக்குக்கும் இவர் வேண்டுமா என்றால், வேண்டாம். குடும்ப டிரஸ்ட் சொத்து, விவசாய நிலம், குடும்பத் தொழில், பிள்ளையை வேறு ஊருக்கோ நாட்டுக்கோ கொண்டுபோகும் தகராறு போன்றவற்றில் இவருடைய கூடுதல் கட்டணம் நியாயமானது. வீடு ஒன்று, கடன் ஒன்று, இரண்டு சூப்பர் கணக்கு என்ற அளவிலுள்ள பிரிவினைக்குக் குடும்பச் சட்டத்தையே தினமும் செய்யும் ஒரு சாதாரண சொலிசிட்டர், அதாவது கோப்பைக் கையாளும் வழக்கறிஞர், போதும்.

மூன்றாவது, விக்டோரியா சட்டச் சேவை வாரியம் மற்றும் ஆணையரின் பதிவேடு. இது பரிந்துரைக்காது, சரிபார்க்க உதவும். ஒருவருக்கு நடப்புப் பணிச்சான்று இருக்கிறதா, அதில் நிபந்தனை ஏதும் உண்டா என்று பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பிராந்திய ஊர்களில் ஒரே அலுவலகம் உயில், நில விற்பனை, குற்ற வழக்கு, குடும்பச் சட்டம் எல்லாவற்றையும் பலகையில் எழுதியிருக்கும். அது குறையல்ல. ஆனால் உங்கள் கோப்பைக் கையில் வைத்திருக்கப் போகிறவர் வாரத்தில் எத்தனை நாள் குடும்பச் சட்டம் பார்க்கிறார் என்பதைக் கேட்டாக வேண்டும். பிள்ளைகள் தொடர்பான விதிகள் 2024 மே மாதத்திலும், சொத்து தொடர்பானவை 2025 ஜூனிலும் மாறின. பெற்றோருக்குச் சம பொறுப்பு என்று சட்டம் முன்கூட்டியே அனுமானித்துக்கொள்ளும் பழைய விதி நீக்கப்பட்டுவிட்டது. 'ஐம்பதுக்கு ஐம்பதுதான் சட்டம்' என்று ஒருவர் இன்றும் சொன்னால், அவர் இந்தத் துறையில் தினமும் இருப்பவர் அல்ல.

முதல் சந்திப்புக்கு

காசு நேரத்துக்குப் போகிறது. ஆகவே கதையை ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போங்கள்: திருமணம், ஆஸ்திரேலியா வந்தது, வீடு வாங்கியது, பிள்ளைகள் பிறந்தது, பிரிந்த நாள். பிரிந்த நாள் எது என்பதிலேயே பல வழக்குகள் சிக்கும். அதைக் காட்டும் மின்னஞ்சலோ செய்தியோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

கூடவே கொண்டுபோக வேண்டியவை: மணச்சான்றிதழ், மூன்று ஆண்டு வரி மதிப்பீடு, வங்கி, கடன், சூப்பர் அறிக்கைகள், வீட்டுவரி நோட்டீஸ், விசா அனுமதிக் கடிதம், ஏற்கெனவே ஏதாவது நீதிமன்ற ஆணை இருந்தால் அதன் படி. இருவர் பெயரிலுள்ள கணக்குகளின் அறிக்கைகளை வீட்டைவிட்டு வெளியேறும் முன் பதிவிறக்கிக்கொள்ளலாம். மறுதரப்பின் கடவுச்சொல்லைப் போட்டு அவருடைய தனிக் கணக்கில் நுழைவது குற்றமாகலாம். அந்த ஆவணங்களை எப்படியும் அவரே வெளிப்படுத்தியாக வேண்டிய கடமை சட்டத்தில் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள், முக்கியத்துவ வரிசையில்:

1. என் கோப்பை நாள்தோறும் கையாளப் போகிறவர் யார்? அவருடைய மணிக் கட்டணம் என்ன? மூத்தவரைப் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் எல்லா வேலையையும் இளையவர் செய்வது சகஜம். இளையவரின் கட்டணம் குறைவு என்பதால் அது உங்களுக்கே லாபமாகலாம். ஆனால் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

2. நான் சொன்னதை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவின் எல்லை எங்கிருந்து எங்கே? நல்ல வழக்கறிஞர் ஒரு வரம்பைச் சொல்வார், கூடவே 'எனக்குத் தெரியாதவை இவை' என்றும் சொல்வார். முதல் நாளே உறுதியான சதவீதம் சொல்பவரைவிட இவரையே நான் தேர்வேன்.

3. நீதிமன்றத்துக்குப் போகாமல் முடிக்க என்ன வழி? எந்தக் கட்டத்தில் மனுப் போடச் சொல்வீர்கள்?

4. பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) தேவைப்பட்டால் யார், எங்கிருந்து வருவார்? பாரிஸ்டர்கள் பெரும்பாலும் மெல்பர்னில் இருப்பவர்கள். பென்டிகோவில் நேரடி விசாரணை என்றால் பயணமும் தங்குமிடமும் உங்கள் கணக்கில் ஏறலாம்.

5. வேலையைத் துண்டு துண்டாகச் செய்வீர்களா? உதாரணமாக, நான் எழுதிய உடன்பாட்டைப் படித்து ஆலோசனை சொல்வது மட்டும்.

கட்டணம் எப்படி ஏறுகிறது

பெரும்பாலான அலுவலகங்கள் ஆறு நிமிடத்தை ஓர் அலகாகக் கணக்கிடும். மணிக்கு 440 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஓர் அலகு 44 டாலர். ஒரு வரி மின்னஞ்சலைப் படிக்க இரண்டு நிமிடமே ஆனாலும் அது ஓர் அலகு. ஒரு வாரத்தில் பத்துச் சிறு மின்னஞ்சல் அனுப்பினால் 440 டாலர். அதே பத்து விஷயத்தையும் ஒரே மின்னஞ்சலில் எண்ணிட்டு அனுப்பி, அவர் அரைமணியில் படித்தால் 220. மறுதரப்பு அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் வழக்கறிஞருக்குத் தள்ளிவிடுவதுதான் பில்லை ஊதிப் பெருக்கும் முதல் காரணம். பள்ளிச் சட்டை எந்த வீட்டில் இருக்கிறது என்பதற்கு அந்த 44 டாலர் தகாது.

இதற்கு மேல் பத்து சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சொன்ன கட்டணம் அதைச் சேர்த்ததா என்று கேளுங்கள். நீதிமன்றக் கட்டணம், வீட்டு மதிப்பீட்டாளர், பாரிஸ்டர் ஆகியவை தனி. 'டிஸ்பர்ஸ்மென்ட்' என்ற தலைப்பில் வரும்.

விக்டோரியாவின் விதிப்படி, வேலையின் கட்டணம் 750 டாலரைத் தாண்டும் என்று எதிர்பார்த்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 3,000 வரை சுருக்கப் படிவம் போதும். அதற்கு மேல் போனால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு உள்பட முழு விவரம் தர வேண்டும், நிலைமை மாறினால் மதிப்பீட்டையும் புதுப்பிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் கட்டண ஒப்பந்தமே செல்லாது. அந்தக் கட்டணம் நியாயமானதா என்று முறைப்படி மதிப்பிடப்படும்வரை நீங்கள் செலுத்தத் தேவையில்லை. தவிர, குடும்ப நீதிமன்றத்தின் விதிகள் இன்னொரு கடமையையும் சுமத்துகின்றன. நீதிமன்ற நிகழ்வுகளுக்கு முன் இதுவரை ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு இரண்டையும் வழக்கறிஞர் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் படிக்காமல் விசாரணைக்குள் போகாதீர்கள்.

'ஜெயித்தால் மட்டும் கட்டணம்' என்ற விளம்பரம் குடும்ப வழக்குக்குப் பொருந்தாது, சட்டமே அதைத் தடுக்கிறது. சில அலுவலகங்கள் சொத்து பிரிந்து பணம் வந்தபின் கட்டணத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும். அது வேறு. வென்றாலும் தோற்றாலும் கட்டியாக வேண்டிய தொகை அது, தவணைதான் தள்ளிப்போகிறது.

வென்றால் மறுதரப்பு செலவைக் கட்டும் என்ற எதிர்பார்ப்பும் இங்கே பலிக்காது. ஆளாளுக்கு அவரவர் செலவு என்பதே குடும்பச் சட்டத்தின் பொது விதி. ஒருவர் ஆவணங்களை மறைத்தார், வீண்மனுக்கள் போட்டார் என்பது போன்ற நிலையில்தான் நீதிமன்றம் மாற்றி ஆணையிடும்.

லீகல் எய்டுக்கு வருமானமும் வழக்கின் தகுதியும் பார்ப்பார்கள். வீடு இருந்தால் கொடுத்த தொகைக்காக அதன்மேல் உரிமை எழுதிக்கொள்ளவும் கூடும். ஒரு விதிவிலக்கை அறிந்திருப்பது நல்லது. குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டு உள்ள சில வழக்குகளில் ஒருவரை மற்றவர் நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, வழக்கறிஞர் மூலமே செய்ய முடியும். அந்தத் தடை பொருந்தினால், வருமானம் பார்க்காமல் லீகல் எய்ட் வழியே வழக்கறிஞர் பெறத் தனித் திட்டம் இருக்கிறது.

உள்ளூரா, மெல்பர்னா

உள்ளூர்க்காரருக்கு இங்குள்ள மதிப்பீட்டாளர்களையும் பிள்ளைகளுக்கான ஆலோசகர்களையும் தெரியும். மறுதரப்பின் வழக்கறிஞரோடு பேசிப் பழக்கம் இருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் விஷயத்துக்கு மூன்று கடிதம் எழுத மாட்டார்கள். அந்தப் பழக்கத்தைப் பார்த்து 'இருவரும் கூட்டு' என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. ஒரே வழக்கறிஞர் வட்டம் ஒருவரையொருவர் வாரந்தோறும் சந்திக்கும் ஊரில் அது இயல்பு. உங்கள் அறிவுறுத்தல் இல்லாமல் சலுகை கொடுத்தாரா என்பதை மட்டும் பாருங்கள்.

மெல்பர்ன் வழக்கறிஞருக்கு இரண்டு காரணங்கள் வலுவானவை: உள்ளூர் அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் நலமுரண் வந்துவிட்டது, அல்லது வழக்கில் அரிதான அம்சம் ஒன்று இருக்கிறது. காணொளி விசாரணையால் தூரத்தின் செலவு குறைந்திருக்கிறது. நேரடி விசாரணை நாள்களில் பயண நேரத்துக்கும் கட்டணம் போடுவாரா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

491 விசாவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. குறிக்கப்பட்ட பிராந்தியப் பகுதியில்தான் வசிக்க, வேலை செய்ய, படிக்க வேண்டும் என்பது அந்த விசாவின் நிபந்தனை. பிரிந்தவுடன் மெல்பர்னிலுள்ள அக்காள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பது இயல்புதான். நிரந்தரமாகப் போவதற்கு முன் குடிவரவு ஆலோசகர் ஒருவரைக் கேளுங்கள். குடும்பச் சட்ட வழக்கறிஞர் எல்லோரும் குடிவரவு வேலை செய்வதில்லை. துணைவர் விசாவில் வந்து வன்முறைக்கு ஆளானவர்களுக்கு, உறவு முறிந்தாலும் விசா விண்ணப்பத்தைத் தொடர வழி இருக்கிறது. 'உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்' என்ற மிரட்டலை நம்பி வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. குடும்ப வன்முறை உதவிக்கு 1800 737 732.

மொழியும் கடல் கடந்த சொத்தும்

ஆங்கிலம் அலுவலகத்தில் சமாளிக்கும் அளவு இருந்தாலும், பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திடும் அளவு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450, தமிழும் உண்டு. உறவினரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பென்டிகோ போன்ற ஊரில் நேரில் வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். தொலைபேசி வழியாக, வேறு மாநிலத்திலிருந்து, பெண்ணா ஆணா என்ற விருப்பத்தோடு கேட்கலாம். உங்கள் பெயரைச் சொல்லாமல் பேசவும் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தியாவிலோ இலங்கையிலோ உள்ள மனை, நகை, பெற்றோர் பெயரிலிருந்து மாறிய வீடு ஆகியவற்றையும் வெளிப்படுத்த வேண்டும். 'அது இங்கே கணக்கில் வராது' என்று மறைத்தால் முடிந்த ஆணையையே பின்னர் ரத்து செய்ய வழக்கு வரும். வரதட்சணைக் கொடுமை விக்டோரியாவின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் எடுத்துக்காட்டாகவே எழுதப்பட்டிருக்கிறது. வழக்கறிஞர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலிய மணமுறிவு 'சரிசெய்ய முடியாத முறிவு' என்ற ஒரே அடிப்படையில் தரப்படுகிறது. அந்த அடிப்படை இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. அயல்நாட்டு மணமுறிவை இந்தியா எப்போது ஏற்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் வகுத்தது. மறுதரப்பு மனமுவந்து அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு, ஆணைக்கும் சம்மதித்திருந்தால் ஏற்கப்படும் வாய்ப்பு வலுவாகும். ஒருதரப்பாகப் பெற்ற ஆணை அங்கே செல்லாமல் போகலாம். இந்தியாவில் மறுமணமோ சொத்து விற்பனையோ திட்டமிடுபவர், இருவரும் சேர்ந்து கூட்டு விண்ணப்பம் போட முடியுமா என்று இங்கேயும், அதன் நிலை என்ன என்று அங்குள்ள வழக்கறிஞரிடமும் கேட்பது நல்லது.

பிள்ளையை வெளிநாடு கொண்டுபோய்விடுவார் என்ற அச்சம் இருந்தால் அதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லுங்கள். நீதிமன்றத்தில் மனுப் போட்டு, விமான நிலையக் கண்காணிப்புப் பட்டியலில் பிள்ளையின் பெயரைச் சேர்க்கலாம். பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இலங்கை உண்டு, இந்தியா இல்லை. இந்தியாவுக்குப் போய்விட்ட பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரும் வழக்கு அங்குள்ள நீதிமன்றத்தில்தான் தொடங்கும்.

சரிப்படவில்லை என்றால்

வழக்கறிஞரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் பாக்கிப் பணம் இருந்தால், அது கட்டப்படும்வரை கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. விசாரணைக்கு இரண்டு வாரம் முன் மாற்றுவது மிகவும் விலை உயர்ந்த மாற்றம். புதியவர் முழுக் கோப்பையும் மணிக் கட்டணத்தில் படித்தாக வேண்டும்.

மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் வந்தால், முப்பது நாளுக்குள் இனவாரி பில் கேளுங்கள். 21 நாளுக்குள் தர வேண்டும், அதைத் தயாரிக்கக் கட்டணம் போடக் கூடாது. பில்லில் தகராறு என்றால் முதலில் அலுவலகத்துக்கே எழுதுங்கள். தீராவிட்டால் சட்டச் சேவை ஆணையரிடம் புகார் செய்யலாம். பில் கட்ட வேண்டிய நாளிலிருந்து அறுபது நாள் கெடு, அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.